மாறியவை: ஒன்று

இதை நம்பச் சொல்லி யார் காலிலும் நான் விழப்போவதில்லை. நானே எதையும் லேசில் நம்புகிறவன் இல்லை. பாதிரியார் சொன்னால் பாதியைத்தான் எடுத்துக்கொள்வேன். டாக்டர் சொன்னால் அதிலும் பாதி. ஆனால் இது என் கையில் நடந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை. இந்த வலது உள்ளங்கையில் நடந்தது. நேரம், தேதி எல்லாம் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். வேண்டுமானால் வந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

பேய் என்றால் ராத்திரிதான் வரும் என்பவர்களுக்கு எங்கள் பக்கத்து வெயில் தெரியாது. எங்களுக்கு ஜனவரிதான் கோடை, பகல் பன்னிரண்டரைக்கு மேல் தெருவில் நாய் கூட நடக்காது. கடை, ஜன்னல், வாய் எல்லாவற்றையும் மூடிக்கொண்டு ஊரே படுத்துவிடும். எழுந்திருக்க மூன்றரை ஆகும். அதுவரைக்கும் பிள்ளைகளை வாசலுக்குக்கூட விடமாட்டார்கள். அந்த நேரத்தில் வெளியே என்ன நடமாடும் என்று யாரும் பெயர் சொல்லிச் சொல்வதில்லை. எனக்கு நடந்தது அந்த உச்சிப் பொழுதில்தான்.

என் பெயர் செகுந்தினோ. வயது எழுபத்தொன்று. படிப்பு மூன்றாம் வகுப்பு. பராகுவே ஆற்றங்கரையில் எங்கள் ஊர். அங்கே ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் பார்ப்பது என் வேலை. தேவைப்பட்டால் வண்டியும் ஓட்டுவேன்.

ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியல் ஒன்று ஆஸ்பத்திரியில் உண்டு. ஆளுக்கு ஒரு சீட்டு. பெயர், ரத்த வகை, இருக்கும் இடம், கடைசியாகக் கொடுத்த தேதி. மாவட்டம் முழுவதும் சேர்த்து நாலாயிரத்து எண்ணூறு பேர் இருக்கும். முன்பு நோட்டில் இருந்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். ரத்த அறை நர்ஸ் பெர்லா வேண்டிய வகையைத் தட்டினால், அந்த ரத்தம் உள்ளவர்களின் பெயர் வரிசையாக வரும். பக்கத்தில் இருப்பவர் முதலில்.

ஒரே தொல்லைதான். ஒருவர் ரத்தம் கொடுத்துத் தேதி மாறினாலும், ஒருவர் வீடு மாறினாலும், பட்டியல் முழுவதையும் முதலிலிருந்து கட்ட வேண்டும். இரண்டரை மணி நேரம் ஆகும். நடுவில் கரண்ட் போனால் அவ்வளவும் வீண். எங்கள் ஊரில் கரண்ட் போகாத நாள் எது? அதற்காகத் தலைநகரிலிருந்து சுல்மா என்ற இன்ஜினியர் பெண் வந்தாள். புது முறை ஒன்றைப் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். எங்கள் பக்கம் வயதானவர்களைக் கராய் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"கராய், இனிமே மொத்தப் பட்டியலையும் தொட மாட்டோம். மாறுன சீட்டு மட்டும்தான். மூணு பேரு மாறுனா மூணு சீட்டு. ரெண்டு நிமிஷ வேலை."

"அந்தச் சீட்ட அழிச்சு எழுதுமாக்கும்?"

"அழிக்காது. அழிக்கத்தான் நேரம் புடிக்கும். பழைய சீட்டு மேல செத்துச்சுன்னு ஒரு குறி போடும். புதுச் சீட்டக் கடைசில சேத்துக்கும். தேடும்போது செத்ததத் தாண்டிப் போயிரும்."

"அப்ப செத்தது உள்ளயே கெடக்கும்."

"ஞாயித்துக்கெழம வரைக்கும் கெடக்கும். அன்னிக்கு உயிரோட இருக்கறத எல்லாம் ஒண்ணாச் சேத்து எழுதிட்டு, செத்தத வெளிய தள்ளிரும்."

"ஒரு வாரம் பொணத்த வீட்டுல வச்சுக்குவீங்க. கேட்டா, கண்ணுக்குத் தெரியாதும்பீங்க."

பெர்லாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இன்ஜினியரம்மா, அவர விடுங்க. சொந்த நெழலு பின்னாடி வந்தாலே அடையாள அட்டை கேக்கற ஆளு அவரு."

சுல்மா இன்னொன்றும் சொன்னாள். ஒவ்வொரு சீட்டின் ஓரத்திலும் ஒரு எண் இருக்கும். சீட்டு மாறினால் அந்த எண் ஒன்று கூடும். பெர்லா கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் பதிவேட்டில் அந்த எண் பட்டியலில் இருப்பதைவிடப் பெரிதாக இருந்தால்தான் பட்டியல் புதுச் சீட்டை ஏற்றுக்கொள்ளும். சின்னதாக இருந்தால், பழைய சங்கதி என்று தள்ளிவிடும். பதிவேட்டில் பெர்லா தட்டாமல் பட்டியலில் எதுவும் மாறவே மாறாது. "இத ஏமாத்த முடியாது கராய்," என்றாள்.

ஏமாற்ற முடியாத எதையும் நான் இந்த வயது வரைக்கும் பார்த்ததில்லை. ஆனாலும் தலையை ஆட்டிவைத்தேன்.

ஊர் தூங்கும்போது யாரும் பட்டியலில் தேட மாட்டார்கள். அதனால் தினமும் பகல் ஒன்றேகாலுக்கு அந்த வேலை நடக்கும். ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். கரண்ட் போனால் பேட்டரி நாலு நிமிஷம் தாங்கும், அதற்குள் ஜெனரேட்டரைக் கிளப்ப வேண்டும். வேலை முடிந்ததும் திரையில் ஒரு வரி வரும். மாறியவை: இத்தனை. அதை நேரத்தோடு நோட்டில் எழுத வேண்டும். அவ்வளவுதான்.

இப்போது என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நில்டா. எனக்கு அவள் ஒருத்திதான். வயது இருபத்தெட்டு, தலைப்பிரசவம், ஜனவரி கடைசியில் என்று நாள் சொல்லியிருந்தார்கள். புருஷன் ஆற்றில் சரக்குப் படகில் வேலை, மாதக்கணக்கில் வரமாட்டான். நில்டாவின் ரத்தம் ஓ நெகட்டிவ். அவளுக்கு அந்த ரத்தத்தைத் தவிர வேறெதுவும் ஆகாது. குளிர்பெட்டியில் அது ஒரே ஒரு பை இருந்தது. பட்டியலில் அந்த ரத்தம் உள்ள எங்கள் ஊர்க்காரர்கள் இன்னும் மூன்றே பேர், மற்றவர்கள் எல்லாம் நாலைந்து மணி நேரத் தூரத்தில். ஒருத்தி கர்ப்பிணி. ஒரு வாத்தியார், டிசம்பரில்தான் கொடுத்திருந்தார், மூன்று மாதம் ஆகாமல் மறுபடியும் எடுக்க மாட்டார்கள். மூன்றாவது ஆள் எவெலியோ ரெஸ்கின், துறைமுகத் தெருக் கொத்தனார். காளை மாதிரி உடம்பு. ரத்தம் கொடுத்துவிட்டு, "பெர்லா, ஒரு ரொட்டிக்கு இவ்வளவு ரத்தமா? இன்னொண்ணு வை" என்று வம்பு பண்ணிவிட்டுத்தான் போவான். ஆனால் அவன் புவெனஸ் ஐரிஸுக்குக் கட்டட வேலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது.

"தலைநகர்ல போயிப் பெத்துக்கடி," என்றேன்.

"அங்க எனக்கு யாருப்பா இருக்கா? நீங்க இங்க கெடந்து கரண்டு பொட்டியோட சண்ட போடுவீங்க. நான் அங்க தனியா அலறணுமா? முடியாது."

பிடிவாதம் என்னைப் போல.

ஜனவரி பன்னிரண்டு, சனிக்கிழமை. ஒன்றேகாலுக்கு ஆரம்பித்து ஒன்று பதினேழுக்கு முடிந்தது. காலையிலிருந்து யாரும் ரத்தம் கொடுக்கவில்லை. பெர்லா பதிவேட்டைத் திறக்கவே இல்லை. ரத்தம் கொடுக்கிற நாற்காலியில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

திரையில் வந்தது: மாறியவை: 1.

என்ன மாறியது என்று தட்டிப் பார்த்தேன். எவெலியோ ரெஸ்கின். இடம், பழையது: புவெனஸ் ஐரிஸ். புதியது: ரொசாரியோ.

பெர்லாவை உலுக்கினேன். "எவெலியோ சீட்ட யாரு மாத்துனது?"

"நான் தூங்குறது கண்ணுக்குத் தெரியல? கனவுலயா வந்து மாத்துவேன்?"

"பாரு."

பார்த்தாள். அவள் பதிவேட்டில் புவெனஸ் ஐரிஸ் என்றுதான் இருந்தது. ஓரத்து எண் இரண்டு. பட்டியலில் மட்டும் மூன்று.

"என்னமோ கோளாறு. இன்ஜினியர்ட்ட சொல்லுங்க," என்று மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஞாயிறு, பதின்மூன்று. ஒன்று பதினாறு. மாறியவை: 1. எவெலியோ ரெஸ்கின், ஃபொர்மோசா. எண் நாலு. அன்றைக்குத்தான் செத்த சீட்டுகளை வெளியே தள்ளுகிற நாள். தள்ளியது. ஃபொர்மோசா அப்படியே இருந்தது.

திங்கள், பதினாலு. ஒன்று பதினேழு. மாறியவை: 1. க்ளோரிந்தா. எண் ஐந்து.

எனக்குப் படிப்பு இல்லை, சாலை தெரியும். ரொசாரியோ, ஃபொர்மோசா, க்ளோரிந்தா. தெற்கே இருந்து எங்கள் நாட்டுக்கு வருகிற சாலை அது. க்ளோரிந்தாதான் எல்லை. ஆற்றைத் தாண்டினால் நம் மண்.

அவன் வந்துகொண்டிருந்தான்.

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சுல்மாவுக்கு நான் போன் பண்ணவில்லை. யார் மாற்றுகிறார்கள், எப்படி மாறுகிறது, எனக்கு என்ன? எனக்கு வேண்டியது ஓ நெகட்டிவ். கோளாறு என்று அவள் வந்து எதையாவது சரிசெய்யப்போய், வருகிறவன் வராமல் போய்விடக் கூடாது. திரையைப் பார்த்து, "வாடா மகனே, சீக்கிரம் வா" என்று முணுமுணுத்தேன். வாய்விட்டே சொன்னேன். தினமும்.

பதினைந்து. மாறியவை: 0.

பதினாறு. மாறியவை: 0.

"எந்தக் குடிகாரப் பயலோட உக்காந்திருக்கானோ," என்று திட்டினேன். அவன் அண்ணன் லிபொரியோ வீட்டுக்குப் போய்க் கேட்கலாம் என்று பார்த்தால், அவனும் ஊரில் இல்லை. சாமான் வாங்கப் போயிருக்கிறான் என்றார்கள்.

பதினேழு, வியாழன். ஒன்று பதினேழு. மாறியவை: 1. அசுன்சியோன். எண் ஆறு. தலைநகர் வரைக்கும் வந்துவிட்டான். இன்னும் ஆறு மணி நேரப் பாதைதான்.

பதினெட்டு, வெள்ளி.

பதினொன்று ஐம்பதுக்கு நில்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நாளுக்கு முன்னாலேயே வலி கண்டுவிட்டது. பன்னிரண்டு முப்பத்திரண்டுக்குப் பெண் குழந்தை. அழுகைச் சத்தம் கேட்டது. சிலுவை போட்டுக்கொண்டேன்.

பிறகு உள்ளே பேச்சு மாறியது. ஓட்டம் கேட்டது.

டாக்டர் வெளியே வந்தார். கைமுட்டி வரைக்கும் சிவப்பு. "ரத்தம் நிக்கல. இருந்த பையப் போட்டாச்சு. இன்னொண்ணு வேணும். ஒரு மணி நேரம், மிஞ்சிப்போனா ஒன்றரை."

"தலைநகர்லேருந்து...?"

"ஆறு மணி நேரம், கராய்."

சொல்லிவிட்டு உள்ளே ஓடினார்.

ஒன்றேகால். பட்டியல் ஓட ஆரம்பித்தது. ஒன்று பதினாறுக்குக் கரண்ட் போனது. ஓடினேன். ஜெனரேட்டரைக் கிளப்பினேன். திரும்பி வந்தபோது ஒன்று பத்தொன்பது.

மாறியவை: 1.

எவெலியோ ரெஸ்கின். எண் ஏழு. இடம், எங்கள் ஊர். துறைமுகத் தெரு. அவன் வீடு.

பெர்லா கையை உதறினாள். "வந்துட்டானா? ஒருத்தரும் சொல்லலையே! ஓடுங்க கராய், ஓடுங்க!"

ஒன்று இருபத்தாறுக்கு வண்டியை எடுத்தேன். தெருவில் ஒரு உயிர் இல்லை. தார் இளகி டயரில் ஒட்டிச் சரசரவென்று சத்தம் போட்டது. ஒன்று முப்பத்துமூன்றுக்கு அவன் வீட்டு வாசல். கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. அவன் அம்மா தூங்குகிறாள் போலும். வேலிக்கு வெளியே நின்று கையைத் தட்டினேன். எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்.

டப். டப். டப்.

யாரும் வரவில்லை.

மறுபடியும் தட்டினேன். "எவெலியோ! டேய் எவெலியோ!"

மாமரத்து நிழலில் அவர்களுடைய நாய் படுத்திருந்தது. என்னைப் பார்த்துக் குரைக்கவில்லை. எழுந்து, என்னைத் தாண்டிப் போனது. என் வண்டியின் அந்தப் பக்கத்துக் கதவுக்கு எதிரே போய் நின்றது. வாலைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு.

எனக்கு அதையெல்லாம் பார்க்க நேரம் இல்லை. எட்டு நிமிஷம் தட்டினேன், கத்தினேன். ஒன்று நாற்பத்தொன்றுக்குத் திரும்பிவிட்டேன். வெறும் ஆளாக.

வண்டி வலப்பக்கம், ஆளில்லாத இருக்கைப் பக்கம், இழுத்தது. மூட்டை ஏற்றிய மாதிரி. காற்று இறங்கிவிட்டது என்று நினைத்தேன். வெளியே நாற்பத்திரண்டு டிகிரி. வண்டிக்குள் என் கழுத்து வேர்வை சில்லென்று ஆகியிருந்தது...

ஒன்று நாற்பத்தொன்பதுக்கு ஆஸ்பத்திரி. இறங்கி டயரை உதைத்துப் பார்த்தேன். நான்கும் நன்றாக இருந்தன. நில்டாவின் அறைப் பக்கம் போக எனக்குத் தைரியம் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு ரத்த அறைக்குப் போனேன். ஒன்று ஐம்பத்துமூன்று.

பெர்லா நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

"நல்லவேளை கராய், கையோட கூட்டிட்டு வந்துட்டீங்க. ஒரு வார்த்த பேசல, நேரா வந்து படுத்துட்டான்."

நாற்காலியில் எவெலியோ படுத்திருந்தான். இடது கையில் ஊசி.

நான் யாரையும் கூட்டிக்கொண்டு வரவில்லை.

வாயைத் திறக்கவில்லை. என் மகள் செத்துக்கொண்டிருந்தாள்.

"இந்தாங்க, பைய ஆட்டுங்க. ரத்தம் கட்டிக்கக் கூடாது. நான் டாக்டர்ட்ட சொல்லிட்டு வந்துர்றேன்." பையை என் கையில் வைத்துவிட்டு ஓடினாள்.

இந்த வேலை எனக்குப் பழக்கம்தான். நூறு பை ஆட்டியிருப்பேன். உடம்பிலிருந்து வருகிற ரத்தம் அப்போது சுட்ட ரொட்டி மாதிரி உள்ளங்கையில் வெதுவெதுவென்று இருக்கும்.

இது குளிர்ந்து இருந்தது.

ஆற்றின் அடிமண்ணைக் கையில் எடுத்த மாதிரி.

அவனைப் பார்த்தேன். கறுப்புக் கோட்டு. கழுத்து வரைக்கும் பொத்தான். அந்த வெயிலில். முகத்தில் ஒரு சொட்டு வேர்வை இல்லை. புது ஷூ. அடிப்பாகம் என் பக்கம் திரும்பியிருந்தது. அதில் ஒரு துளி மண் இல்லை. தரையையே மிதிக்காத ஷூ.

ஒரு வாடை. தகரத்தைப் பற்றவைத்தால் வருமே, அந்த வாடை.

இரண்டு மணி ஒரு நிமிஷம். பை பாதி நிறைந்திருந்தது.

"எவெலியோ..."

கண் கூரையைப் பார்த்தபடி இருந்தது. இமைக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"எல்லையில... நிறுத்திட்டாங்க... ரெண்டு நாளு."

குரல் அவன் குரல்தான். ஆனால் பெட்டிக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி.

"இல்லன்னா... முன்னாடியே வந்திருப்பேன்."

"எ... எதுக்குடா வந்த?"

தலை மெதுவாகத் திரும்பியது.

"நீங்கதான... கூப்ட்டுக்கிட்டே இருந்தீங்க... கராய்."

டக்.

கரண்ட் போனது. ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டர் நின்றுவிட்டது. இரண்டு ஏழு. ஜன்னல் சாத்திய அறை. மேலே மின்விசிறி கிரீச்... கிரீச்... என்று சுற்றி நின்றது. அதற்கப்புறம் சத்தமே இல்லை. அவன் மூச்சுச் சத்தமும் இல்லை.

பை மட்டும் கனத்துக்கொண்டே வந்தது.

நான் ஆட்டினேன்.

ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

இரண்டு ஒன்பதுக்குப் பெர்லா டார்ச்சோடு வந்தாள். பையைப் பார்த்தாள், குழாயை முடிந்து வெட்டினாள், பறித்துக்கொண்டு ஓடினாள். நான் அவளுக்கு வழிவிட்டு வாசலில் நின்றேன். அந்த அறைக்கு அது ஒன்றுதான் வாசல்.

திரும்பினேன்.

நாற்காலியில் யாரும் இல்லை.

ஊசி தொங்கிக்கொண்டிருந்தது. நாற்காலியில் விரித்த காகிதத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

மூன்று பத்துக்கு டாக்டர் வந்து என் தோளைத் தட்டினார். ரத்தம் நின்றுவிட்டது. நில்டா கண்ணைத் திறந்துவிட்டாள். போய்ப் பார்த்தேன். உதட்டில் நிறம் வந்திருந்தது. "என்னப்பா மொகம் இப்பிடி இருக்கு? பெத்தது நானா, நீங்களா?" என்றாள்.

நாலு ஐந்துக்கு வெளியே வந்தேன். நெடுஞ்சாலைப் பக்கமிருந்து ஒரு சின்ன லாரி மெதுவாக வந்தது. மேலே ஒரு பெட்டி. பெட்டி பக்கத்தில் லிபொரியோ உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னான்.

"யாருடா இது?"

"எவெலியோ, கராய்." அவன் முகம் தூசியும் கண்ணீருமாக இருந்தது. "சாரத்துலேருந்து விழுந்துட்டான். போன வியாழக்கெழம, பத்தாம் தேதி. அம்மாவுக்கு நெஞ்சு வலி இருக்குல்ல, அதான் ஒருத்தர்ட்டயும் மூச்சு விடல. சனிக்கெழம பொறப்பட்டோம்."

"எல்லையில..."

"ரெண்டு நாளு நிறுத்திட்டானுங்க, பாவிங்க. ஏதோ முத்திர இல்லையாம்." சட்டென்று என்னைப் பார்த்தான். "உங்களுக்கு யாரு சொன்னா?"

பெட்டியைத் தொட்டேன். உள்ளே தகரம் வைத்து, சுற்றிலும் பற்றவைத்து மூடியிருந்தார்கள். திறக்கவே இல்லை என்றான் லிபொரியோ. அப்படியே புதைத்தோம்.

ஒரு வாரம் கழித்துத் தலைநகர்ச் சோதனைக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. கொடுத்தவர் ரத்தத்தில் ஒரு சின்னக் குழாய் எடுத்துச் சோதனைக்கு அனுப்புவது வழக்கம். டாக்டர் பெர்லாவைக் கூப்பிட்டுக் கத்தினார். எட்டு நாள் பழைய ரத்தத்தை அன்றைக்கு எடுத்ததாகத் தேதி போட்டு அனுப்பியிருக்கிறாள் என்று அதில் எழுதியிருந்தது. பெர்லா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

புதைத்து ஒன்பது நாள் ஜெபம் முடியும் வரைக்கும் செத்தவர் பெயரைப் பெர்லா அடிக்க மாட்டாள். அவளுடைய வழக்கம் அது. பத்தாம் நாள் அடித்தாள். பட்டியல் கேட்கவில்லை. சுல்மாவை வரவழைத்தோம். வந்து பார்த்தவள் இரண்டு எண்ணையும் விரலால் தொட்டுக் காட்டினாள்.

"பதிவேட்டுல நீங்க அடிச்சது மூணாவது மாத்தம். பட்டியல்ல ஏழு இருக்கு. நம்ம சொல்லு பழசுன்னு தள்ளுது... ஆனா அந்த ஏழு எங்கேருந்து வந்துச்சு?"

"அதத்தான் உங்கள்ட்ட கேக்குறோம்," என்றாள் பெர்லா.

எட்டாவது மாற்றம் என்று எண் போட்டு, அவளே கையால் அந்தச் சீட்டை எடுத்தாள். ஞாயிறுக்குக் காத்திருக்காமல் செத்ததை எல்லாம் அப்போதே வெளியே தள்ளினாள். தேடிக் காட்டினாள். எவெலியோ இல்லை. சுத்தம்.

மறுநாள் ஒன்று பதினேழு. மாறியவை: 1.

எவெலியோ ரெஸ்கின். எண் ஒன்பது. இடத்தில் என் தெரு, என் வீட்டு இலக்கம் இருந்தது. நில்டா குழந்தையோடு அங்கேதான் இருந்தாள்.

சுல்மா தண்ணீர் கேட்டாள். குடித்தாள். நாலு மணி பஸ்ஸைப் பிடித்தாள். அதற்கப்புறம் எங்கள் போனை அவள் எடுப்பதில்லை.

மார்ச்சில் நில்டா மாமியாரைப் பார்க்க ஒர்கேத்தா போனாள். சீட்டு ஒர்கேத்தா என்றது. நான் நம்பவில்லை. சோதித்துப் பார்க்க வேண்டும் என்று, ஒரு பொய்க் காரியம் சொல்லி அவளைப் பெலெனுக்கு அனுப்பினேன். மறுநாள் பெலென். திரும்பி வந்தாள், சீட்டும் திரும்பி வந்தது. அவன் யார் உடம்புக்குள் இருக்கிறான் என்று அப்போது எனக்குப் புரிந்தது. அதற்குமேல் நான் அந்தச் சீட்டைத் திறப்பதில்லை. எண்ணிக்கையை எழுதுவேன், அணைத்துவிடுவேன்.

போன செவ்வாய்க்கிழமை பெர்லா தானாக வந்து தோளைத் தொட்டாள். "கராய், பாத்தீங்களா? போயிட்டான்."

பார்த்தேன். இடம்: புவெனஸ் ஐரிஸ். ஒரு தெருப் பெயர், ஒரு இலக்கம். லிபொரியோவிடம் கேட்டோம். தம்பி விழுந்த கட்டடம் அதுதான் என்றான். நில்டா வீட்டில் குழந்தைத் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அப்பாடா, கடைசியில் விட்டுத் தொலைந்தான் என்று பல மாதம் கழித்து அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன்.

நேற்றுச் சாயங்காலம் ஆறு இருபது. நில்டா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் எதிரே வந்து நின்றாள்.

"அப்பா, கத்தக் கூடாது. புவெனஸ் ஐரிஸ்ல எனக்கு ஒரு வேல கெடச்சிருக்கு. புதுக் கட்டடமாம், போன மாசம்தான் தொறந்தாங்களாம். மாடிங்களப் பெருக்கித் தொடைக்கணும். பாப்பாவயும் வச்சுக்கலாம்னு சொல்லிட்டாங்க. சனிக்கெழம பஸ்ஸு."

முகவரி எழுதிய தாளைக் காட்டினாள். எழுத்துக்கூட்டித்தான் படித்தேன். அதே தெரு. அதே இலக்கம்.

தாளைக் கிழித்தேன். நாலாக, எட்டாக.

அவள் கோபப்படவில்லை. கண்ணை இமைக்காமல் என்னைப் பார்த்தாள்.

"கிழிச்சா என்னப்பா... எனக்கு வழி தெரியும்."

அவள் அந்த நாட்டில் இதுவரை கால் வைத்ததே இல்லை.